சந்தேகத்தின் பலன் யாருக்கு?

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பது நம் முன்னோர் மொழி. விதைப்பவன் ஒரு கண்டத்திலும் அறுப்பவன் வேறொரு கண்டத்திலும், அதுவும் வேறொரு தலைமுறையிலும் இருப்பானாயின், அம்மொழி கூறும் நீதி என்னாவது? கிறீன்லாந்தின் உருகும் பனி இன்று நம்முன் வைக்கும் வினா இதுவே.

வெப்பவலயத்திலிருந்து வடக்கே செல்லும் அத்திலாந்திக் நீர், வழியிலே தன் வெப்பத்தைக் காற்றுக்கு ஈந்து குளிர்கிறது. குளிர்ந்த உப்புநீர் பாரமானது. ஆதலின் அது கிறீன்லாந்தை அடுத்த கடல்களிலே அமிழ்ந்து, ஆழத்தின் வழியே தெற்கு நோக்கி மீள்கிறது. செக்கனுக்கு ஏறத்தாழ 1 கோடி 70 இலட்சம் கனமீற்றர் நீர் இவ்வாறு சுழல்கிறது. உலகத்து ஆறுகள் யாவும் கடலிற் சேர்க்கும் நீரினும் இது பத்து மடங்குக்கு மேற்பட்டது. ஐரோப்பாவின் மிதமான குளிர்காலமும் மேற்கு ஆபிரிக்காவின் மழையும் இதனோடு பிணைந்துள்ளன.

2002 முதல் எடுக்கப்பட்ட செய்மதி அளவீடுகளின்படி, கிறீன்லாந்து ஆண்டுதோறும் சராசரியாக 25,000 கோடி தொன்னுக்கு மேற்பட்ட பனியை இழந்து வந்துள்ளது. உருகிய நன்னீர் கலக்க, கடல்நீரின் உப்புக் குறைகிறது. பாரம் குறைந்த நீர் எளிதில் அமிழ்வதில்லை. இத்தகைய சுழற்சி ஓர் எல்லையைக் கடந்தால் திடீரென வேறொரு நிலைக்கு மாறிவிடக்கூடும் என்பதை 1961இலேயே ஹென்றி ஸ்ரொமெல் கணித்துக் காட்டினார்.

அந்த எல்லை எங்குள்ளது? இந்நூற்றாண்டில் சுழற்சி தளர்வது பெரிதும் உறுதி எனினும், 2100க்குமுன் அது திடீரெனக் குலைந்துவிடாது என நடுத்தர நம்பிக்கையோடு கூறியது, ஐக்கிய நாடுகளின் காலநிலை விஞ்ஞானிகள் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை. இவ்வபாயம் மிகவும் குறைத்து மதிப்பிடப்பட்டுள்ளது என 2024இல் 44 விஞ்ஞானிகள் நோர்டிக் நாடுகளின் அமைச்சர் மன்றத்துக்கு எழுதினர். ஆகவே ஐயம் உண்டு. அதனை ஒளியாது உரைப்பது விஞ்ஞானத்தின் நேர்மை. ஆனால் நிலக்கரியிலும் எண்ணெயிலும் இலாபம் காண்போர் வாயில் அவ்வையமே அனுமதிச் சீட்டாகிவிடுகிறது. “உறுதியாகத் தெரியட்டும், பின்பு பார்ப்போம்” என்கின்றனர் அவர்கள்.

நீதிமன்றத்திலே சந்தேகத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கே அளிக்கப்படுகிறது. அரசின் முழு வலிமைக்கெதிரே அவன் தனியனாய் நிற்கின்றான் என்பதே அதன் நியாயம். எளியவனைக் காப்பதே அம்மரபின் உயிர். இவ்வழக்கில் எளியவன் யார்? சுழற்சி தளருமாயின் வெப்பவலயத்தின் மழைப்பட்டை தெற்கே நகரும். சகாராப் பாலைவனத்தின் தென்னெல்லையில், சஹேல் நிலத்தில் மழை குன்றும். 1970களிலும் 1980களிலும் வறட்சியையும் பஞ்சத்தையும் கண்ட நிலம் அது. இதுவரை உலகம் வெளியேற்றிய காபனீரொட்சைட்டில் முழு ஆபிரிக்காவின் பங்கே நூற்றுக்கு நான்கினும் குறைவு. அங்கே கம்பு விதைக்கும் உழவன் அந்த நான்கில் எத்துணைக்குப் பொறுப்பாவான்?

நிலக்கரியைக் கைவிட்டால் வறிய நாடுகள் இருளில் ஆழாவோ எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ஆனால் அது நிரூபிப்பது, மாற்றத்தின் செலவை ஏற்கவேண்டியோர் இதுவரை எரித்துச் செழித்தோரே என்பதை அன்றி, எரித்தல் தொடரலாம் என்பதை அன்று.

“மனிதன் இயற்கையைக் கெடுத்தான்” என்று பொதுப்பட உரைத்து அமைவது நமக்குத் தகாது. எந்த மனிதன், எவருடைய உணவைப் பணயமாக வைத்து என்று கேட்போம். சந்தேகத்தின் பலன் அந்த உழவனுக்கே உரியது.