வேருக்கு யார் தண்ணீர் ஊற்றுவது

தகாலோக் மொழியில் 'பாலிக்' என்றால் திரும்புதல். 'பாயன்' என்றால் ஊர். நாடு என்றும் பொருள் உண்டு. வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புகிற பிலிப்பினோவை 'பாலிக்பாயன்' என்பார்கள். அதை ஓர் அரசாங்கத் திட்டத்தின் பெயராக்கியது 1973-ல் மார்கோஸ் ஆட்சி. ராணுவச் சட்டம் அமலில் இருந்த காலம். 'வந்து பாருங்க, இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று சலுகைகள் கொடுத்து அழைத்தார்கள். 1989-ல் வந்த சட்டம் முன்னாள் குடிமக்கள் ஓராண்டு விசா இல்லாமல் தங்க வழிசெய்தது. வேர்களைத் தேடிப் போகிறேன் என்கிற அந்தரங்கமான ஏக்கத்துக்கு ஒரு கவுன்ட்டரும் ரப்பர் ஸ்டாம்ப்பும் எப்போதோ தயாராகிவிட்டன.

என்னுடன் வேலை செய்யும் தோழி ஒருவர் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். அவருடைய தாத்தா 1946-ல் இலோகோஸிலிருந்து ஹவாய் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய கடைசிப் பெரிய 'சகாடா' கூட்டத்தில் ஒருவர். முதல் 15 பேர் போனது 1906-ல். (கரும்புத் தோட்டம் என்றதும் நமக்கு ஃபிஜியும் பாரதியும் ஞாபகம் வரும். அது வேறு கதை, ஆனால் அதே சர்க்கரை.) தோழி மூன்று மாதம் லீவு போட்டுவிட்டு தாத்தாவின் ஊருக்குப் போனார். போவதற்கு முன் இரண்டு வருடம் தகாலோக் படித்தார். மணிக்கட்டில் பழைய பாய்பாயின் லிபியில் பச்சை குத்திக்கொண்டார்.

ஊரில் எல்லோரும் பேசியது இலோகானோ. மரியாதைக்காக ஒவ்வொரு வாக்கியத்திலும் அவர் கவனமாகச் சேர்த்துக்கொண்ட தகாலோக் 'போ'வுக்கு அங்கே வேலையில்லை. பச்சையைப் பார்த்த சொந்தக்காரர்கள், 'என்ன எழுதியிருக்கு?' என்று கேட்டார்கள்.

இதைக் கேலி செய்வது சுலபம். இணையத்தில் நிறையப் பேர் செய்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை, ஏனென்றால் கேலி செய்பவரும் தேடுபவரும் 'அசல்' என்று ஒன்று எங்கோ இருப்பதாகத்தான் நம்புகிறார்கள். தகாலோக்கில் அண்ணனைக் குறிக்கும் 'கூயா', அக்காவைக் குறிக்கும் 'ஆத்தே' இரண்டும் ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்தவை. இலோகானோவின் 'மனோங்', 'மனாங்' ஸ்பானியத்திலிருந்து வந்தவை. ஏராளமான குடும்பப் பெயர்கள் 1849-ல் ஸ்பானிய கவர்னர் கிளாவேரியா அனுப்பிய அகரவரிசைப் பட்டியலிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டவை. மாம்பழத்துக்கு அவர்கள் சொல்லும் 'மங்கா' மலாய் வழியாகப் போன நம்ம மாங்காய். அசலுக்குத் திரும்புவது என்றால் எந்த கமிட்டுக்கு ரீவர்ட் பண்ணுவது?

என்னை உறுத்துவது வேறு. 'இது என் பாரம்பரியச் சொத்து' என்று சொல்லும்போது, அந்தச் சொத்தை இத்தனை நாள் பராமரித்தது யார்?

தாத்தாவின் தங்கை இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். தொண்ணூறை நெருங்கும் வயது. இறந்தவர்களுக்கு இலோகானோக்கள் 'அத்தாங்' என்று சாப்பாடு படைப்பார்கள். ஹவாயில் இறந்துபோன அண்ணனுக்கும் சேர்த்துத் தட்டு வைத்துக்கொண்டிருந்தவர் இந்தப் பாட்டிதான். பாட்டியைப் பார்த்துக்கொண்டது அவருடைய பேத்தி. நர்சிங் முடித்தவர், தோழிக்கு மனாங் முறை. சாயங்காலம் தோழி பாட்டியிடம் இலோகானோ கற்பார். அதே மேஜையின் இன்னொரு முனையில் அக்கா ஜெர்மன் வினைச்சொற்களை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார். ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்கு அந்த மொழி வேண்டும்.

பிலிப்பைன்ஸில் 'உத்தாங் நா லோஓப்' என்றொரு கருத்து உண்டு. உத்தாங் என்றால் கடன், லோஓப் என்றால் உள். உள்ளே கிடக்கிற கடன். நம் செஞ்சோற்றுக் கடன் அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். விர்ஜிலியோ என்ரிகேஸ் என்ற உளவியலாளர் இதைக் கொடுக்கல் வாங்கல் கணக்காகப் படிப்பதை ஏற்கவில்லை. மனிதர்களுக்கு நடுவே இருக்கும் பிணைப்பாகப் பார்க்கச் சொன்னார்.

இதைச் சொன்னபோது ஒரு நண்பன் மறுத்தான்: 'பாட்டி இவங்களுக்காகவா அங்க இருந்தாங்க? போக முடியல, இருந்தாங்க. அதுல என்ன கடன்?' பாதி உண்மை. போனவர்களும் சும்மா இருக்கவில்லை. சுமார் ஒரு கோடி பிலிப்பினோக்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் உற்பத்தி மதிப்பில் 8 சதவீதத்துக்கு மேல். அந்த வீட்டின் கூரையே ஹவாய் டாலர்தான். ஸ்பாம் டின்னும் சாக்லேட்டும் சோப்பும் நிரம்பிய பாலிக்பாயன் பெட்டிகள் வருடாவருடம் வந்திருக்கின்றன. ஆனால் பெட்டியில் வைத்து அனுப்ப முடியாத ஒன்று உண்டு: ஒரு கிழவியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. அதைச் செய்தவருக்குத்தான் இங்கே பாக்கி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். ஜெர்மன் வகுப்புக்கும் தேர்வுக்கும் பணம். தோழிக்குத் தூக்கம் போய்விட்டது. கொடுத்தால் பாட்டி தனி. 'நீயும் போயிட்டா இங்க எல்லாம் என்ன ஆகும்?' என்று கேட்டால், தான் எப்போதாவது வந்து பார்த்துப் போவதற்காக இன்னொருத்தியை மியூசியம் காவலாளி ஆக்குவது. என்னிடம் கேட்டார். கொடுக்கச் சொன்னேன். கப்பலேறியவரின் பேத்தி, ஏறாதே என்று எந்த வாயால் சொல்வது? பாட்டியிடம் யாராவது கேட்டார்களா என்று எனக்குள் ஒரு குரல் இருந்தது. அதற்காக என் பதில் மாறவில்லை.

அக்கா இப்போது ஜெர்மனியில் இருக்கிறார், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. பாட்டிக்குத் துணையாகப் பக்கத்து ஊர்ப் பெண் ஒருவர் மாதச் சம்பளத்துக்கு வருகிறார். அந்தச் சம்பளத்தைத் தோழியும் அக்காவும் பாதிப் பாதியாக அனுப்புகிறார்கள். அத்தாங் தட்டில் அரிசிப் பலகாரத்தை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று பாட்டி இப்போது அந்தப் பெண்ணுக்குத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.