4,000 எழுத்துகளுக்குள்

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் இளநிலைப் பொருளாதாரத்துக்கு நேர்காணல் கிடையாது. இடைவெளியும் சேர்த்து 4,000 எழுத்துகளுக்குள் மாணவர் விண்ணப்பத்தில் எழுதும் தன்விளக்கம்தான் அவருடைய குரல். அதில் படித்த புத்தகங்களின் பெயர்களை அடுக்குவது வீண் என்றே நினைக்கிறேன். ஒரே கேள்வியை விடாமல் துரத்தலாம். உதாரணமாக, குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் வேலைகள் குறையும் என்கிறது பாடநூல். 1992-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் அதை உயர்த்தியபோது, அங்குள்ள துரித உணவகங்களில் வேலை குறையவில்லை என்று கண்டார்கள் பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும். ஏன்? அந்த 'ஏன்'-ஐ ஒரு பதினேழு வயதுப் பிள்ளை தானே துருவிப் பார்த்திருந்தால், எழுத்தில் அது தெரிந்துவிடும். கூடவே கணக்கு வேண்டும். பிரிட்டனின் பள்ளி இறுதிப் படிப்பான ஏ லெவலில் பொருளாதாரம் படிக்காதவரும் விண்ணப்பிக்கலாம். கணிதம் படிக்காதவரால் முடியாது.