தலையும் வாலும்

"புலிக்கு வாலாக இருப்பதைவிட எலிக்குத் தலையாக இருப்பது மேல்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். படித்து முடித்த பையன் பெரிய கம்பெனியில் சேருவதா, சின்னக் கம்பெனியில் சேருவதா என்று யோசிக்கும்போது, வீட்டில் யாராவது ஒருவர் இந்தப் பழமொழியை எடுத்து வீசுவார். உடனே இன்னொருவர், "எலியின் தலையைப் பூனை கவ்வினால் என்ன செய்வாய்? புலியின் வாலைத் தொட எவனுக்குத் துணிச்சல் வரும்?" என்று மடக்குவார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒருவர் பேசுவது அந்தஸ்தைப் பற்றி. மற்றவர் பேசுவது பத்திரத்தைப் பற்றி. அந்த வேலையைச் செய்துகொண்டே அவன் யோக்கியனாக இருக்க முடியுமா என்ற கேள்வியை இருவருமே தொடுவதில்லை.

முதலில் பத்திரத்தைப் பற்றியே பேசிவிடுவோம். வயிறு இருக்கிறவன் அதை அலட்சியம் செய்ய முடியாது. 1952-இல் வந்த வருங்கால வைப்பு நிதிச் சட்டம் ஆரம்பத்தில் 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளுக்கே பொருந்தியது. பிறகு அந்த எண்ணிக்கை 20 ஆகக் குறைந்தது. 1972-இல் வந்த பணிக்கொடைச் சட்டம் 10 பேர் இருக்கும் இடத்தில்தான் உள்ளே நுழைந்தது. ஆக, சட்டத்தின் கைக்கு எட்டாத அளவுக்குச் சிறிய இடங்களும் உண்டு. இருபதாவது ஆளைப் பெயரேட்டில் ஏற்றாமலே காலம் தள்ளும் பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். எழுத்தை நம்பி வாழத் தொடங்குவதற்கு முன் பெரிய இடத்திலும் சின்ன இடத்திலும் சம்பளம் வாங்கியவன் நான். ஒன்றாம் தேதி பணம் வருவதற்கும், "பத்தாம் தேதி பார்க்கலாம்" என்ற பதில் வருவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும்.

ஆனால் பெரியது சாயாது என்று நம்பியவர்களின் கதையும் நம் ஊரிலேயே இருக்கிறது. 1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, மலையை நம்பிப் பணம் போட்டிருந்த எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அது பழைய கதை என்றால், புதிய கதை ஒன்று. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, உலகிலேயே பெரிய கைப்பேசி ஆலைகளுள் ஒன்றாக விளங்கியது. 2014 நவம்பர் 1-ஆம் தேதியோடு அங்கே உற்பத்தி நின்றது. அங்கே வேலை செய்த இளம் பெண்கள் வேலையில் குறை வைத்ததால் அது மூடப்படவில்லை. எங்கோ கம்பெனி கைமாறியது. இங்கே வரி வழக்கு நடந்தது. அவர்கள் கை வைக்காத காரியங்கள் அவர்கள் வேலையைத் தின்றுவிட்டன. ஆகவே பத்திரத்தை மட்டும் தராசில் போட்டால், தட்டு எந்தப் பக்கமும் உறுதியாகத் தாழாது.

ஆகையால் நான் வேறொரு கேள்வி கேட்கிறேன். வேலைக்குப் போகிற எவனுக்கும், என்றாவது ஒருநாள், செய்யக்கூடாத ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லி ஓர் உத்தரவு வரும். அந்த நாளில் 'முடியாது' என்று சொல்வது எங்கே சாத்தியம்?

பெரிய இடத்தில், முடியாது என்று சொல்வதற்கான சந்தர்ப்பமே நம் கண்ணில் படாமல் போய்விடும். போபாலை நினைத்துப் பாருங்கள். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷ வாயு கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த ஊரில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அந்த வாயுவாகும் திரவத்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய இயந்திரம் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. கசிகிற வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரத்தின் குழாய் பழுதுபார்க்கக் கழற்றப்பட்டிருந்தது. இவை ஒவ்வொன்றும் ஒரு மேஜையில் ஒரு காகிதமாக வந்திருக்கும். செலவைக் குறைக்க ஒரு காகிதம். பழுதைத் தள்ளிப்போட ஒரு காகிதம். ஆளைக் குறைக்க ஒரு காகிதம். எந்தக் காகிதத்திலும் 'ஊரைக் கொல்' என்று எழுதியிருக்கவில்லை. கையெழுத்திட்ட எவனும் தன்னைக் கொலைகாரனாக நினைத்திருக்கமாட்டான். அன்று மாலை அவன் வீட்டுக்குப் போய்த் தன் குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருப்பான். 2010 ஜூனில், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஏழு பேருக்கு இரண்டிரண்டு ஆண்டுச் சிறை என்று போபால் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாவத்தை அவ்வளவு மெல்லியதாகப் பங்கு போட்டுவிட முடிகிறது! பெரிய இடத்தின் உண்மையான அபாயம் அங்கே கெட்டவர்கள் இருப்பது அல்ல. நல்லவர்கள், தங்கள் காரியம் எங்கே போய் முடிகிறது என்று பாராமலே நல்லவர்களாக இருந்துவிட முடிவதுதான்.

அப்படியானால் சின்ன இடம் புனிதமானதா? எனக்குத் தெரிந்த ஒரு மேற்பார்வையாளரின் கதையைச் சொல்கிறேன். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு சிறிய பவுண்டரி. பதினைந்து பேர் வேலை. லாரிகளுக்குப் பிரேக் டிரம் வார்த்துப் பெரிய கம்பெனி ஒன்றுக்கு அனுப்புவார்கள். வார்ப்பில் குறையில்லை என்று கையெழுத்துப் போடுவது இவருடைய வேலை. முதலாளி தங்கமானவர். கூலி கொடுக்கப் பணம் இல்லாத மாதத்தில் மனைவியின் நகையை அடகு வைத்தவர். இந்த மேற்பார்வையாளரின் மகளுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரிப் பணம் முழுவதையும் கட்டி, அதைப் பற்றி ஒரு வார்த்தை திரும்பப் பேசாதவர்.

ஒரு தீபாவளி சமயத்தில் ஓர் அடுக்குச் சரக்கில் புழை விழுந்துவிட்டது. தட்டிப் பார்த்தாலே சத்தம் மாறியது. முதலாளி பக்கத்தில் வந்து நின்றார்.

"மேஸ்திரி, இந்தத் தடவை மட்டும் விட்டுருங்க. சரக்குத் திரும்பி வந்துச்சுன்னா, நம்ம ஆளுங்க ஒருத்தருக்கும் போனஸ் இல்லீங்க" என்றார்.

அதட்டவில்லை, வேலையை விட்டு நீக்கிவிடுவேன் என்று மிரட்டவில்லை. கேட்டார், அவ்வளவுதான். இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதிகாரத்தை எதிர்க்கச் சிலருக்காவது தைரியம் வரும். உபகாரத்தை எதிர்க்க யாருக்கு வரும்? அந்தச் சரக்கினால் விபத்து நடந்ததா, யாருக்கும் தெரியாது. ஆனால் அன்று முதல் லாரி விபத்து என்று ஒரு செய்தி வந்தால், அதை இரண்டு முறை படிக்காமல் அவர் பத்திரிகையைக் கீழே வைப்பதில்லை.

கர்ணனும் இப்படித்தான் விழுந்தான். அவமானப்பட்டு நின்ற சபையில் அங்க நாட்டைக் கொடுத்து அவனை மனிதனாக்கியவன் துரியோதனன். அந்தக் கடனுக்குக் கர்ணன் உயிரைக் கொடுத்தது பெருமை என்று நாம் கொண்டாடுகிறோம். உயிர் அவனுடையது, கொடுக்கலாம். நடுச் சபையில் ஒரு பெண்ணை இழுத்து வந்தபோது அவன் கொடுத்தது உயிரை அல்ல, நியாயத்தை. நியாயம் அவன் ஒருவனுடைய சொத்தா? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கத்தான் வேண்டும். ஆனால் வேலைக்காரனும் தன் வியர்வையால் முதலாளிக்கு உப்பிட்டவன்தான் என்பதை யாரும் நினைவூட்டுவதில்லை.

பெரிய இடத்தில் 'முடியாது' என்ற சொல்லுக்குக் காது இல்லை. ஆனால் கவசம் உண்டு. விதி இருக்கிறது, சங்கம் இருக்கலாம். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளில் முறைகேட்டைச் சொல்ல ஒரு வழி வைக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமே விதித்தது. சின்ன இடத்தில் காது உண்டு. பத்தடி தூரத்தில் முதலாளி உட்கார்ந்திருக்கிறார். ஆனால் கவசம் இல்லை.

"இரண்டும் மோசம் என்றால் நாங்கள் எங்கேதான் போவது?" என்று நீங்கள் கேட்பது நியாயம். 'சிறியதே அழகு' என்ற நூலை 1973-இல் எழுதிய ஷூமாக்கர், அதற்கு முன் இருபது ஆண்டுகள் பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்தில் பொருளாதார ஆலோசகராக இருந்தவர். அந்த வாரியத்தில் ஒரு காலத்தில் ஏழு லட்சம் பேர் வேலை செய்தார்கள். பெரிய அமைப்பை ஒழித்துவிட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பெரியதற்குள்ளே சிறியதை உண்டாக்க வேண்டும் என்றார். யானையின் வயிற்றில் இருபது ஆண்டு இருந்துவிட்டு வந்து சொன்னவர் என்பதால் அந்தப் பேச்சுக்கு எனக்கு மதிப்பு உண்டு.

என் யோசனையைக் கேட்டால் சொல்கிறேன். தோளில் குடும்பச் சுமை இல்லாதவன், முதல் நாலைந்து ஆண்டுகளைச் சின்ன இடத்தில் கழிக்கட்டும். தான் செய்த பிழை யார் தலையில் விழுகிறது என்பதை நேருக்கு நேர் பார்க்கும் படிப்பு அங்கேதான் கிடைக்கும். ஆனால் முதலாளியிடம் சம்பளத்துக்கு மேல் ஒரு காசு கடன் வாங்க வேண்டாம். வட்டிக்காரனிடம் வாங்குவது மேல், அவன் பணத்தை மட்டும்தான் திருப்பிக் கேட்பான். தங்கை கல்யாணமும் தகப்பனார் வைத்தியமும் காத்திருக்கிறவன் பெரிய இடத்துக்கே போகட்டும்; அதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் தன் மேஜையிலிருந்து புறப்படும் காகிதம் கடைசியில் எந்த மனிதனிடம் போய்ச் சேருகிறது என்பதை வருஷத்துக்கு ஒரு முறையாவது போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

எந்த இடமானாலும் சேருவதற்கு முன் ஒன்றை விசாரித்துக்கொள்வது நல்லது. கடைசியாக இங்கே 'முடியாது' என்று சொன்னவர் யார்? அவர் இப்போதும் இங்கேதான் வேலை செய்கிறாரா? நேர்முகத் தேர்வில் இதைக் கேட்டால் பதில் வராது. வாசலில் இருக்கும் டீக்கடையில் கேட்டால் வரும்.