தட்டில் பதிந்த வேண்டுதல்

இசைத்தட்டில் பதிந்த ஒரு வேண்டுதல், தட்டு சுழலும்போது மறுபடியும் வேண்டுதல் ஆகிறதா, அல்லது என்றோ ஒருவர் வேண்டியதன் தடயமாக மட்டும் நிற்கிறதா? ஒலிப்பதிவு பரவிய நாள் முதல் சமய அறிஞர்கள் முன் நிற்கும் கேள்வி இது. இசைத்தட்டுகளைச் சேகரிப்பவரையும் இந்தக் கேள்வி விடுவதில்லை. அலமாரியில் இருப்பது பக்தியா, பண்டமா என்று தெளிந்தால்தான் அதற்கு அவர் உடைமையாளரா, காவலரா என்பதும் தெளியும்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்தவர்கள் வசதியுள்ள ரசிகர்கள் மட்டுமல்ல. மைக் செட் வாடகைக்கு விட்டவர்களும்தான். பழனி வட்டத்துக் கீரனூரைப் போலக் கோயிலும் பள்ளிவாசலும் ஒருங்கே அமைந்த ஊர்களில் தொழில் நடத்தியவருக்கு எல்லாத் தரப்புத் தட்டுகளும் தேவைப்பட்டன. கோயில் திருவிழா என்றால் முதலில் விநாயகர் பாட்டு, அடுத்து முருகன் பாட்டு, பிறகுதான் சினிமாப் பாட்டு. நிக்காஹ் வீட்டுக்கும் தர்கா கந்தூரிக்கும் நாகூர் இ.எம். ஹனிபா. சீர்காழி கோவிந்தராஜனும் டி.எம். சௌந்தரராஜனும் ஹனிபாவும் ஒரே பெட்டிக்குள் அடுத்தடுத்து இருந்தார்கள். ஹனிபா (1925–2015) மார்க்கப் பாடல்களைப் பாடிய அதே கம்பீரக் குரலில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் பிரசாரப் பாடல்களையும் பாடியவர். ஆகவே அவருடைய தட்டுகள் ஒரு சமயத்தின் ஆவணம் மட்டுமல்ல, ஒரு காலத்து அரசியலின் ஆவணமும்கூட. அந்தப் பெட்டிகளை அன்று யாரும் ஆவணக் காப்பகமாக நினைக்கவில்லை. ஆனால் ஒரு வட்டாரத்து மக்கள் எந்தக் குரலைக் கேட்டுக் கல்யாணம் செய்தார்கள், எந்தக் குரலைக் கேட்டுத் தேர் இழுத்தார்கள் என்பதற்கு அவற்றை விடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

கேள்வியின் சமயப் பக்கத்தை இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் மிக நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். திண்டுக்கல், பழனி வட்டார ராவுத்தர் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஹனபி மத்ஹபை, அதாவது ஹனபி சட்ட மரபைப் பின்பற்றுவோர். குர்ஆனின் சில வசனங்களை ஓதினாலும், பிறர் ஓதக் கேட்டாலும் நெற்றி தரையில் பட ஸஜ்தா செய்ய வேண்டும். ஹனபி சட்டத்தில் அது வாஜிப், அதாவது கட்டாயக் கடமை. அதே வசனம் மலையிலோ சுவரிலோ பட்டுத் திரும்பும் எதிரொலியாகக் காதில் விழுந்தால் அந்தக் கடமை இல்லை என்று பழைய நூல்களே சொல்கின்றன. ஒலிப்பதிவு வந்தபோது ஹனபி உலமாக்களில் பெரும்பாலோர் அதை எதிரொலியின் பக்கம் சேர்த்தனர். ஓதுவது என்பது ஒரு செயல். அதற்கு ஓதுகிறோம் என்ற உணர்வுள்ள ஓர் ஆள் வேண்டும். தட்டுக்கு அந்த உணர்வு இல்லை. பதிவு செய்த பாங்கு (தொழுகை அழைப்பு), பாங்கு ஆகாது என்று கூறுவோரின் வாதமும் இந்த வழியிலேயே செல்கிறது.

அதனால் பதிவு வீண் என்று முடிவு கட்டிவிடவும் இல்லை. 1961இல் எகிப்தில் மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரி குர்ஆன் முழுவதையும் ஓதிப் பதிவு செய்தார். உச்சரிப்பு பிசகாமல் கற்பதற்கு அது உலகெங்கும் பயன்பட்டது. வழிபாடு ஆகாத ஒன்று மரியாதைக்கு உரியதாகவும் கல்விக்குத் துணையாகவும் இருக்க முடியும் என்ற நிலை இது. இந்த விவாதத்தில் கிடைத்த மிகத் தெளிவான விடையும் இதுவே. மந்திரத்தைக் குருமுகமாகவே பெற வேண்டும் என்ற மரபு இந்து சமயத்திலும் உண்டு. இருந்தும் 1963இல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதத் தட்டு வெளிவந்த பின் கோயில்களும் வீடுகளும் அதைக் கேட்டே விழித்தன.

ஆப்பிரிக்க அமெரிக்கத் தேவாலயங்களில் இந்தக் கேள்வி வேறு உருவம் எடுத்தது. அங்கே பிரசங்கம் ஒருவர் பேசுவதும் மற்றவர் கேட்பதும் அல்ல. போதகர் ஒரு சொற்றொடரை விட, சபை அதை வாங்கிப் பதில் குரல் கொடுக்கும். அந்தக் குரலின் வேகத்தில் அவர் பேச்சு மெல்ல ராகமாகி உயரும். அடிமைக் காலத்தில் எழுத்து மறுக்கப்பட்ட மக்கள் தங்கள் இறையியலைக் காத்து வளர்த்தது இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான். 1920க்குப் பின் கறுப்பின மக்கள் இசைத்தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகள் கண்டுகொண்டன. 1926 முதல் அட்லாண்டா போதகர் ஜே.எம். கேட்ஸ் பிரசங்கங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடம்தான் ஓடும். மணிக்கணக்கில் நிகழ வேண்டியதை அதற்குள் அடக்க வேண்டும். பேச்சைச் சுருக்கினார், பதில் குரலை மட்டும் விடவில்லை. சபையார் சிலரைப் பதிவறைக்குள் அழைத்து வந்து உடன் குரல் கொடுக்க வைத்தார். 1941 வரை 200க்கும் மேற்பட்ட பக்கங்கள் இப்படிப் பதிவாயின. 1948இல் வைனல் நெடுந்தட்டு வந்து நேரத் தடையை நீக்கியது. ஐம்பதுகளில் டெட்ராய்ட் நகரப் போதகர் சி.எல். ஃபிராங்க்ளினின் முழுப் பிரசங்கங்கள் சபையின் ஆரவாரத்தோடு நெடுந்தட்டுகளாக வெளிவந்தன. அவருடைய மகள், பாடகி அரிதாவின் முதல் பாடல்களும் அவருடைய தேவாலயத்தில்தான் பதிவாயின.

மார்ட்டின் லூதர் கிங்கின் இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால் பதில் குரல் என்ன செய்கிறது என்பது விளங்கும். 1959இல் காந்தி நினைவு நிதியின் அழைப்பில் அவர் இந்தியா வந்தார்.  பயணத்தின் முடிவில், மார்ச் 9 அன்று, அகில இந்திய வானொலிக்காகக் கிங் விடைபெறும் உரை ஒன்றைப் பதிவு செய்தார். அந்தப் பதிவு ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2009இல் வெளியே வந்தது. அமைதியான அறையில், அளந்து வாசித்த குரல் அது. 1963 ஜூனில் டெட்ராய்ட் பேரணியில் அவர் ஆற்றிய உரையை மோட்டவுன் கம்பெனி நெடுந்தட்டாக வெளியிட்டது. அதில் கூட்டம் இடைவிடாமல் பதில் சொல்கிறது. அந்தப் பதிலில் ஏறி அவர் குரல் எங்கோ போகிறது. மனிதர் ஒருவரே, நம்பிக்கையும் ஒன்றே. முதல் பதிவில் ஒருவர் சமயத்தைப் பற்றிப் பேசுகிறார். இரண்டாவதில் சமயம் நிகழ்கிறது. ஆனால் வீட்டில் கேட்பவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. தன் பதிலை அவர் தானே தர வேண்டும். தட்டு வேண்டுதலின் ஒரு பாதியைத்தான் சுமக்கிறது. மறுபாதி கேட்பவரிடம் இருக்கிறது. ஹனபி அறிஞர்கள் ஓதுபவரின் பக்கம் நின்று சொன்னதைக் கறுப்பினத் தேவாலயம் கேட்பவரின் பக்கம் நின்று சொல்கிறது.

அந்தப் பாதியும் பிழைத்தது தனி மனிதர்களால்தான். பாரமவுண்ட் இசைத்தட்டுக் கம்பெனி முப்பதுகளின் தொடக்கத்தில் பதிவை நிறுத்தியபின், அதன் உலோக மூல அச்சுகள் பழைய இரும்பாகப் போயின. இரண்டாம் உலகப் போரில் அரக்கு தட்டுப்பாடு வந்தபோது பழைய தட்டுகள் உருக்குவதற்குத் திரட்டப்பட்டன. சில பாடகர்களின் பதிவு இன்று ஒன்றிரண்டு தட்டுகளில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஹாரி ஸ்மித் தன் சொந்தச் சேகரிப்பிலிருந்து 84 பதிவுகளைத் தேர்ந்து 1952இல் ஃபோக்வேஸ் கம்பெனி வழியாக வெளியிட்டார். அதில் பிரசங்கங்களுக்கும் இடம் தந்தார். அது அரிது. சேகரிப்பாளர் பலர் ப்ளூஸ் தட்டுகளைத் தேடி அலைந்தார்களே தவிர, அதே காலத்தில் ஏராளமாக விற்ற பிரசங்கத் தட்டுகளை ஒதுக்கினார்கள். ஆகவே ஒரு மக்களின் துயரம் ஆவணமான அளவுக்கு அவர்களின் வழிபாடு ஆகவில்லை. தமிழிலும் கர்நாடக இசைக்கும் திரையிசைக்கும் கிடைத்த அக்கறை முஸ்லிம் பாடல்களுக்கும் கிறித்தவக் கீர்த்தனைகளுக்கும் கிடைக்கவில்லை. கீரனூர் ஜாகிர்ராஜாவின் ‘மீன்காரத் தெரு’ நாவல் ஒரே சமுதாயத்துக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வைக் காட்டுகிறது. ஒரு சமுதாயத்தின் குரல் என்று சேகரிப்பவர் எடுத்து வைப்பது அதில் எந்தத் தெருவின் குரல் என்ற கேள்வியும் அங்கிருந்தே எழுகிறது.

உடைமையா, காவலா என்பதற்கு இஸ்லாமிய அறவியலில் அமானிதம் என்ற கருத்து வழி காட்டுகிறது. ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காக்க வேண்டும், உரியவர் கேட்டால் தர வேண்டும் என்பதே அது. ஆர்துரோ ஷோம்பர்க் தேடிச் சேர்த்த கறுப்பின வரலாற்று நூல்களும் கையெழுத்துப் படிகளும் 1926இல் நியூயார்க் பொது நூலகத்தின் ஹார்லெம் கிளைக்குச் சென்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பு, அவர் 1992இல் மறைந்தபின், சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. இசைத்தட்டுக்கும் இதுவே முறை. ஒலியைக் கணினியில் ஏற்றினால் மட்டும் போதாது. உறை, லேபிள், வரிசை எண், மைக் செட்காரர் மையால் எழுதிய ஊர்ப்பெயர், எந்த விசேஷத்துக்கு எந்தப் பக்கம் என்று அவர் இட்ட குறி ஆகியவையும் சேர்ந்து காக்கப்பட வேண்டியவை. கேட்டவர்களின் பதில் எஞ்சியிருப்பது அவற்றில்தான். சட்டத்தைப் பொறுத்தவரை, இந்தியாவில் ஒலிப்பதிவின் காப்புரிமை வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டுகள். அறுபதுகளின் தொடக்கம் வரை வந்த தட்டுகளுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஒலிப்பதிவுக்குரிய அந்த உரிமை அவற்றைப் பொதுவில் கேட்கக் கொடுப்பதற்கு இனித் தடையில்லை.