குதிரைக்கு மட்டும் இடம்

எனக்குத் துணுக்குப் பைத்தியம் உண்டு. வார இதழ்களில் பக்கத்தின் அடியில் கட்டம் கட்டி 'உங்களுக்குத் தெரியுமா?' என்று போடுவார்களே, அதை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்து வளர்ந்தவன். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். நம் குழம்பில் உறைக்கும் மிளகாய் போர்ச்சுகீசியர் காலத்தில் கப்பலேறி வந்தது. மறைமலை நகரில் ரயில் ஏறினால் தாம்பரம் தாண்டி வரும் பல்லாவரத்தில்தான் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இப்படி நிறைய. பெரும்பாலும் எதற்கும் உதவாது, ஆனால் சந்தோஷமாக இருக்கும்.

ஆபீஸில் வெள்ளிக்கிழமை மாலை வினாடி வினா நடத்துவது என் வேலை. ஒரு தடவை, "பாம்புக்கடி மருந்து எந்த மிருகத்தோட ரத்தத்துல இருந்து எடுக்கிறாங்க?" என்று கேட்டேன். ஒரு பெண் "குதிரை" என்றாள். சாக்லேட் கொடுத்தேன். அதோடு நிற்காமல் விளக்கமும் சொன்னேன்: விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றுவார்கள், அதன் உடம்பு எதிர்ப்புப் பொருளை உருவாக்கும், அதை ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து மருந்தாக்குவார்கள், 1890-களில் ஆல்பர் கால்மெட் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த வழியில் முன்னோடி. எல்லாரும் "அட!" என்றார்கள். அந்த "அட"வுக்காகத்தானே இதெல்லாம்.

மேஜை துடைத்துக்கொண்டிருந்த அக்கா போகிறபோக்கில் சொன்னார்: "எங்க சித்தப்பா அந்த விசத்துக்குத்தான் சார் பாம்பு புடிக்கப் போவாரு."

இரண்டு வருஷமாகத் தினம் பார்க்கிறேன். அவர் இருளர் என்று எனக்குத் தெரியாது. அதுகூடப் பரவாயில்லை, பெயரே தெரியாது. கால்மெட்டின் பெயர் தெரியும்.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில் இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அதற்கு முன்னால் தோல் வியாபாரத்துக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்துப் பிழைத்தவர்கள் அவர்கள். 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பிறகு தோல் வியாபாரமும் நின்றது. பாம்பு தப்பித்தது, இவர்கள் பிழைப்பு போனது. 1978-இல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு இந்தச் சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வருவார்கள். சுமார் மூன்று வாரம் பானையில் வைத்திருந்து, நான்கு முறை விஷம் எடுத்து, அடையாளத்துக்கு வயிற்றுச் செதிலில் சின்னதாக வெட்டிவிட்டு, காட்டில் திரும்ப விட்டுவிடுவார்கள். இந்தியாவில் மருந்து செய்யப் போகும் விஷத்தில் பெரும்பகுதி பல காலமாக இந்த ஒரு சங்கத்திலிருந்துதான் போயிருக்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஓர் ஆய்வு கணக்கிடுகிறது. மருந்து கிடைத்துப் பிழைத்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் இந்த இருளர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

என் துணுக்கில் குதிரைக்கு இடம் இருந்தது. பிரெஞ்சுக்காரருக்கு இடம் இருந்தது. கையை விட்டுப் பாம்பைப் பிடித்தவருக்கு இல்லை.

இதில் தப்பு என்ன என்று ஒரு நண்பன் கேட்டான். "எல்லாத் தகவலுக்கும் பின்னாடி யார் கஷ்டப்பட்டாங்கன்னு பார்த்தா, எதையுமே ரசிக்க முடியாதுடா." நியாயமான கேள்வி. ஆக்டோபஸின் மூன்று இதயத்துக்கு நான் யாருக்கும் கடன்படவில்லை. வியப்பைக் குற்ற உணர்ச்சியாக மாற்றிக்கொள்வதில் யாருக்கும் லாபமில்லை.

ஆனால் என் தொழிலிலேயே ஒரு வழக்கம் உண்டு. யாரோ எழுதி இலவசமாக விட்ட நிரலை எடுத்துத்தான் நாங்கள் பாதி வேலை பார்க்கிறோம். எம்.ஐ.டி. உரிமம் என்று ஒன்று. எடுத்துக்கொள், மாற்று, விற்கக்கூடச் செய், ஆனால் எழுதியவரின் பெயர் இருக்கும் அந்தச் சில வரிகளை மட்டும் நீக்காதே என்கிறது. அறிவு எல்லாருக்கும் பொது. பெயரை அழிப்பதற்குத்தான் அனுமதி இல்லை. துணுக்கு செய்வது பெரும்பாலும் அதைத்தான். சின்னதாக ஆவதற்காக எதையாவது வெட்ட வேண்டும், வெட்டுப்படுவது எப்போதும் யாருக்குக் குரல் குறைவோ அவர்கள்தான்.

சரி, பெயரைச் சேர்த்துவிட்டால் போதுமா? அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. நம் செங்கல்பட்டு மாவட்டத்துச் சென்னேரியைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க அழைத்திருந்தார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள். அதில் ஒன்று 16 அடி. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. உடனே துணுக்கு தயார்: 'பாம்பை மோப்பம் பிடிக்கும் அதிசயப் பழங்குடி!' நானும் ஃபார்வர்ட் செய்திருக்கிறேன்.

யோசித்தால் இதுவும் ஒரு வெட்டுதான். உள்ளூர் வேட்டைக்காரர்கள் சாலையோரமும் கரையோரமும் தேடிக்கொண்டிருந்தபோது, இவர்கள் நேராக அடர்ந்த புதருக்குள் போனார்கள். தடம், எச்சம், உரித்துப்போட்ட சட்டை, இதைப் பார்த்துப் பாம்பு எப்போது போனது, எந்தப் பக்கம் போனது என்று கணக்குப் போட்டார்கள். இது படிப்பு. அப்பனோடு சின்ன வயதிலிருந்து வெயிலில் நடந்து கற்ற படிப்பு. நான் நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்ததை யாரும் 'ரத்தத்தில் ஊறியது' என்று சொல்வதில்லை. சம்பளம் தருகிறார்கள். அவர்கள் கற்றதை மட்டும் அதிசயம் என்கிறோம். அதிசயத்துக்குக் கைதட்டினால் போதும், கூலி பேச வேண்டியதில்லை, பட்டாவும் சாதிச் சான்றிதழும் கேட்டு அலைகிறவர்களைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

துணுக்கை நான் விடப்போவதில்லை. அடுத்த வரியையும் கேட்பது என்று மட்டும் வைத்திருக்கிறேன். இதை முதலில் தெரிந்து வைத்திருந்தது யார்? அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?

திங்கட்கிழமை அக்காவிடம் பெயர் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார். சித்தப்பாவுக்கு வயதாகிவிட்டது, இப்போது போவதில்லையாம். பையன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறானாம்.

"அவனும் பாம்பு புடிப்பானாக்கா?" என்றேன். கேட்டு முடிக்கும்போதே தப்பான கேள்வி என்று தெரிந்தது.

"அய்ய, அவன் கரப்பான்பூச்சிக்கே கட்டில் மேல ஏறிக்குவான் சார்."