ஏரிச்சேறும் இரவலுடம்பும்



இல்லாதது புதிதாய்த் தோன்றுவதுமில்லை, உள்ள பொருள் சூனியமாய்ப் போவதுமில்லை என்பது நம் சித்தாந்தத்தின் துணிபு. மடிந்தவை ஒடுங்கி மீளவும் உருவெடுக்குமாற்றைக் காட்சியளவையானே காண விழைவார்க்கு, அமெரிக்க நாட்டு மின்னசோட்டா மாகாணத்திலுள்ள சீடர் பாக் என்னும் சிற்றேரி உதவும். அதனைப் பல்லாண்டு ஆராய்ந்தவர் ரேமண்ட் லிண்டமன் என்பார். அவர்தம் கட்டுரை 1942-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வெளிவந்தது. முப்பது வயதும் நிரம்பாத அவரோ அவ்வாண்டு ஜூன் திங்களிலேயே நோயால் உயிர்நீத்தார்.

அவர் வரைந்த படத்தின் நடுவில் நிற்பது சேறு. பாசியும் நீர்ப்பூண்டும் வெயிலைக்கொண்டு உணவு சமைக்கும். அவற்றை நுண்ணிய நீருயிர்கள் உண்ணும். அவற்றை ஊனுண்ணிகள் உண்ணும். எல்லாம் மடிந்து சேற்றில் வீழ, கட்புலனாகாக் கிருமிகள் அவற்றைச் சிதைத்து உப்புக்களாக நீரிற் கரைக்கும். அவ்வுப்பைப் பாசி மீண்டும் ஏற்கும்.

பொருள் இங்ஙனம் சுழல, ஆற்றலோ சுழல்வதன்று. ஏரிமேல் வீழ்ந்த வெயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கையே தாவரங்கள் பற்றின. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பங்கே தாவரவுண்ணிகட்கும், அவை பெற்றதில் நூற்றுக்கு 22 பங்கே ஊனுண்ணிகட்கும் சென்றதென அவர் கணக்கிட்டார். மூச்சால் வெப்பமாய்ப் பரந்தது பாசியை வளர்க்க மீளாது. ஞாயிறு நாடோறும் புதிதாக வழங்கவேண்டும்.

ஈண்டுச் சிலர், அவ்வாற்றலே சிவசத்தி என மேடையேறி முழங்குகின்றனர். அது பொருந்தாது. என்னை? படிதோறும் குறைவதும் சிதறுவதும் சடம். திருவருட்சத்தியோ குறைவிலா அறிவு. பெயரொற்றுமை பொருளொற்றுமை ஆகாது. மின்விசிறியைச் சுழற்றுவதும் மலத்தை நீக்குவதும் ஒன்றெனின், தீக்கை எதற்கு? அவ்வாறே ஏரிச்சேற்றை மாயையெனக் கொள்ளுதலும் பிழை. சேறு பூதகாரியம்; மாயையோ அதனினும் நுண்ணிய முதற்காரணம். ஆதலின் இவ்வேரி உவமையளவிலேயே கொள்ளற்பாலது.

அற்றேல், இதனால் நாம் பெறும் பயன் யாதெனின், தனுவைப் பற்றிய தெளிவென்க. நம் எலும்பிலுள்ள பாஸ்பரஸ் நெல்லிலிருந்து வந்தது. நெல்லுக்கு மண் தந்தது. மண்ணுக்கு முன்னொருகால் மடிந்த உயிர்கள் தந்தன. நாம் விடும் மூச்சிலுள்ள கரியை ஏதோவோர் இலை ஏற்கின்றது. பாசியும் புழுவும் மாடும் தத்தமுடம்பெனக் கொண்டு கழித்ததனையே நாம் ‘எனது’ என்கின்றோம். வினைப்பயன் நுகர்தற்பொருட்டு இறைவன் இரவலாகக் கூட்டிய இவ்வுடம்பை உடைமையென மயங்குதலே பந்தம். மயங்கியவன் திருப்பித் தருங்காலும் முறையறியாது தருகின்றான். நிர்மாலியப் பூவினை நெகிழிப்பையிற் கட்டி ஆற்றில் எறிகின்றோமே, அப்பைக்குள் அப்பூ யார்க்கு உணவாகும்? கால்படாத நந்தவனக் குழியில் அதனை இட்டுவைப்பின், மட்கி அந்நந்தவனத்துச் செடிகட்கே உரமாம்.