ஆமையின் நினைப்பு

குரு சீடனுக்கு அருளும் விதத்துக்குச் சைவத்தில் மூன்று உவமை உண்டு. பறவை தொட்டு அடைகாக்கும். மீன் பார்த்தே பொரிக்கும். ஆமை கரையில் முட்டையிட்டுவிட்டு, கடலுக்குள் இருந்தபடி நினைத்தே பொரிக்கும். திண்ணையில் சித்தாந்தப் பாடம் நடத்திய அப்பா மூன்றாவதைச் சொல்லும்போது குரல் தழைந்துவிடும். சிறுமியான எனக்கு அது பிடிக்கவில்லை. விட்டுவிட்டுப் போனவள் நினைத்தால் என்ன, நினைக்காவிட்டால் என்ன?

தை மாதத்தில் திருவான்மியூரிலிருந்து பெசன்ட் நகர் பக்கமாக ஈரமணலில் நடப்பேன். வாடைக்காற்று இருக்கும்வரை வெயிலுக்குப் பயந்து ஓட வேண்டியதில்லை. ஒருநாள் விடிகாலை, அலையிலிருந்து மேட்டுக்கு டிராக்டர் போனதுபோல ஒரு தடம். ஏறியது ஒன்று, இறங்கியது ஒன்று. வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர், “ராத்திரி பங்குனி ஆமை ஏறியிருக்கும்மா. முட்டையைப் பசங்க எடுத்துட்டாங்க” என்றார். 1988 முதல் இந்தக் கரையில் இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காக்கும் மாணவர்களைத்தான் சொன்னார்.

ஆலிவ் ரிட்லி என்று நூல்கள் சொல்லும் அந்தப் பங்குனி ஆமை, பின்துடுப்புகளால் சுமார் ஒன்றரை அடிக் குழி தோண்டி, நூறு முட்டைகளுக்குமேல் இடும். மண்ணை மூடி, உடம்பாலேயே தட்டி இறுக்கி, தடயம் தெரியாமல் மேலே மணலை வாரி இறைத்துவிட்டுக் கடலுக்குப் போய்விடும். திரும்பி வராது. குஞ்சுகளின் முகத்தையே பார்க்காது.

பொரிப்பது மணலின் சூடு. 45 முதல் 60 நாள் ஆகும். சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். அப்படியானால் அப்பாவின் உவமை பொய்யா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழி மேலாக இருந்தால் நாய் தோண்டும், அலைக்கு அருகில் இருந்தால் நீர் புகும். எல்லாவற்றுக்கும் முன்னதாகவே வழி செய்துவிட்டுத்தான் அவள் போகிறாள். அந்த முட்டைகளை எடுத்துப்போய்ப் பாதுகாப்பிடத்தில் புதைக்கும் மாணவர்களும் அவள் தோண்டிய ஆழத்தையும் வடிவத்தையும் அப்படியே பின்பற்றுகிறார்கள். அவளைவிட மேலான ஏற்பாடு யாருக்கும் தெரியவில்லை. நினைப்பு என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான் என்று நம்புகிறேன்.

என் கணவர் இறந்த வருஷம் துக்கம் கேட்க வந்தவர்கள், “கடவுள் கைவிட்டுட்டாரே” என்று அழுதார்கள். கூட உட்கார்ந்து தொடுகிற கடவுளை நானும்தான் தேடினேன். கிடைத்தவை பழகிப்போன வேலைகள், பக்கத்து வீட்டுக் கஞ்சி, மறுநாளும் எழ முடிந்த உடம்பு. இவை எனக்காக முன்பே வைக்கப்பட்டவை.

ஆனால் 2025 ஜனவரியில் இதே சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, மணலில் கிடந்தன. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் நீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்பது சட்டம். ஆமை தப்பிப் போக வழிவிடும் கருவியை வலையில் பொருத்தவும் முடியும். இருந்தும் இத்தனை சாவு. இதை இறைவன் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அருளை உலகத்தின் ஒழுங்கில் வைத்துவிட்டுப் போனவர், அதைக் கலைக்கும் வல்லமையையும் நமக்கு விட்டிருக்கிறார். சில நாள் கடலுக்குப் போகாவிட்டால் உலை வைக்க முடியாத படகுத் தொழிலாளியின் மேல் மட்டும் அந்தப் பழியைப் போடுவதும் நியாயமில்லை. அந்த ஒழுங்கைக் கலைப்பதில் நம் வீட்டு விளக்குக்கும் பங்கு உண்டு.

இரவில் மணலைவிட்டு வெளிவரும் குஞ்சு, வெளிச்சம் அதிகமான பக்கம் போகும். இருட்டில் கடல்பக்கத்து வானம்தான் வெளிச்சமானது. தாய் இல்லாத குஞ்சுக்கு விடப்பட்ட முக்கிய வழிகாட்டி அது. நாம் போடும் விளக்கைப் பார்த்தால் அது சாலைப் பக்கம் திரும்பி, வண்டிச் சக்கரத்தில் மாட்டும், இல்லையென்றால் காலை வெயிலில் காயும். கடலைப் பார்த்து வீடு வைத்திருப்பவர்களே, ஜனவரி முதல் மே வரை இரவில் அந்தப் பக்கத்து விளக்குகளை அணைத்துவிடுங்கள்.